கறி ஆறும் நேரம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்புப் பீப்பாயைப் பற்றி நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று என் மச்சினன் ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. போன மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிடுகிறது.

அது ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாய். அதைப் படுக்கப் போட்டு, வயிற்றில் ஒரு கதவு வெட்டி, கீல் வைத்து, உள்ளே கம்பி வலை பொருத்தியிருந்தேன். இடது பக்கத்தில் கனமான குழாய்த் துண்டு ஒன்றில் நெருப்புப் பெட்டி. வலது பக்கத்தில் புகைபோக்கி. பெட்டியில் கட்டை எரியும். அதன் அனலும் புகையும் பீப்பாய்க்குள் புகுந்து கறியைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் வெளியேறும். கறி நெருப்பைக் கண்ணால் பார்க்காமலே பல மணி நேரம் கிடந்து வேகும். கடையில் விற்கிறார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அதில் என்ன பெருமை இருக்கிறது? நான் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளன். தகரம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு பீப்பாயில் புகையை ஓட விடத் தெரியாவிட்டால் நான் அங்கே உட்கார்ந்து சம்பளம் வாங்குவதில் அர்த்தமே இல்லை என்று நினைத்தேன்.

பட்டறையில் கழித்துப் போடும் துண்டுத் தகடுகளை முதலாளியிடம் கேட்டு எடுத்து வருவேன். துத்தநாகம் பூசியதைத் தொடமாட்டேன். சூடானால் விஷப் புகை வரும் என்று யாரைப் பார்த்தாலும் பாடம் எடுப்பேன். பீப்பாயின் பழைய பெயின்ட் போகும்வரை உள்ளே நெருப்பு மூட்டிச் சுட்டெடுத்தேன். அதற்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. புகைபோக்கியை நீட்டினேன். பிறகு குறைத்தேன். கதவின் விளிம்பில் தீப்பிடிக்காத கயிறு ஒட்டினேன். காற்றுத் துளைக்குச் சுழல்கிற மூடி வைத்தேன். தூக்கிப் போட்ட தள்ளுவண்டியிலிருந்து சக்கரங்களைக் கழற்றி மாட்டினேன். "அத்தான், இது என்ன அடுப்பா, ராக்கெட்டா? ஒருநாள் உங்களையும் தூக்கிட்டுப் பறந்துடப் போகுது," என்பான் மச்சினன். சொல்லிவிட்டு வெல்டிங் பிடிக்க அவனே குனிவான்.

கடைசியாக வைத்தது மீட்டர். வட்டமான முகமும் சிவப்பு முள்ளும் உள்ள டெம்பரேச்சர் மீட்டர். அதைக் கதவின் உச்சியில், நெருப்புப் பெட்டி இருக்கும் பக்கமாகத் துளை போட்டு மாட்டினேன். ஏன் அங்கே என்றால், நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே முள் தெரிய வேண்டும். அவ்வளவுதான் காரணம். அனல் மேலே ஏறும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். அதை வைத்துச் சம்பாதிக்கிற எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அது என் நாள். காலையில் பழமரக் கட்டைகளை அடுக்கி நெருப்பு மூட்டி, ஆட்டுத் தொடையையும் கோழியையும் உள்ளே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன் என்றால் மத்தியானம்வரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன். கதவைத் திறக்கமாட்டேன், யாரையும் திறக்க விடவும் மாட்டேன். முள் சரியான இடத்தில் நிற்கிறதா, அதுதான் கணக்கு. எடுத்ததும் உடனே வெட்டக்கூடாது என்பது இன்னொரு சட்டம். அலுமினியத் தாளில் சுற்றி, பழைய துண்டால் மூடி, ஆற வைக்க வேண்டும். அப்போதுதான் சாறு கறிக்குள்ளேயே தங்கும். அவசரப்பட்டு வெட்டினால் எல்லாம் ஓடிவிடும். இதை நான் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

சுற்றிக் கொடுத்த கறியை என் மனைவி வாங்கிக்கொள்வாள். "வெளிய ஈ மொய்க்கும், உள்ள ஆறட்டும். நீங்க போய்க் குளிங்க, உடம்பெல்லாம் ஒரே புகை," என்பாள். நான் குளித்துவிட்டு ஒரு தூக்கமும் போடுவேன். சமையலறைப் பக்கம் போனால் ஓவன் எரிந்துகொண்டிருக்கும். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டால், "கேக் வச்சிருக்கேன்," என்பாள். அந்தக் கேக்கை ஒருநாளும் நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கே என்று கேட்டதுமில்லை. சாயங்காலம் மேசைக்கு வரும்போது கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழும். பக்கத்து வீட்டுக்காரர்கள் விரலை நக்குவார்கள். "எப்படிங்க இவ்வளவு பூவா வேகுது?" என்று கேட்பார்கள். நான் மீட்டரைப் பற்றி ஆரம்பிப்பேன். மனைவி தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவாள்.

எங்கள் பட்டறையின் ஸ்டோர் ஐயா ஒருதடவை வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ஆணி, திருகு, தகடு எல்லாவற்றையும் காலங்காலமாகக் காத்துவந்த மனுஷர். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரியாதவர். போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். என்ன ஏற்பாடு செய்யலாம் என்று முதலாளி கேட்டதற்கு, "தம்பி வீட்டுக் கறி கிடைச்சா போதும்," என்றாராம். ஒரு நல்ல ஹோட்டலில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலாளி நினைத்திருந்தார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். "ஹோட்டல் எதுக்கு சார்? ஐயாவுக்கு என் கையாலதான். பட்டறை மொத்தத்துக்கும் நான் பொறுப்பு," என்றேன். "சிரமம் ஆச்சே, பாதியாச்சும் வெளியில சொல்லிடலாமா?" என்றார். "சார், என்னை அவமானப்படுத்தாதீங்க," என்றேன். அவமானப்படுத்தும் வேலையை வேறு யாரும் செய்யத் தேவையிருக்கவில்லை, நானே செய்துகொண்டேன்.

அன்று காலை மச்சினன் இழுவை வண்டி கொண்டுவந்தான். பீப்பாயை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வெளியே வந்தாள். வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள்.

"நானும் வர்றேங்க."

"நீ எதுக்கு? அங்க ஆம்பளைங்க வேலை செய்ற இடம்."

"ஸ்டோர் ஐயா வீட்டு பொம்பளைங்க வர்றாங்கல்ல? நான் ஒரு ஓரமா இருந்துக்கறேன். கறி ஆற வைக்கறதை மட்டும் நான் பாத்துக்கறேன்."

"ஆற வைக்க ஒரு ஆளா? அது தானா ஆறும்."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. எல்லாத்தையும் இங்கயே லேசா வேக வச்சு எடுத்துட்டுப் போங்களேன். அங்க போய் புகை மட்டும் காட்டிக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம். "ஏன், என் அடுப்பு மேல உனக்கு நம்பிக்கை இல்லையா? இத்தனை நாள் தின்னுட்டு இப்ப வந்து யோசனை சொல்ற," என்றேன். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வண்டிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்தில் காற்று நன்றாகவே இருந்தது. அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பட்டறை முற்றத்தில் பீப்பாயை இறக்கி நெருப்பு மூட்டினோம். புகை மணத்துக்கு ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டை எப்படி எரிய வேண்டும், புகை எந்த நிறத்தில் வர வேண்டும், எல்லாம் சொன்னேன். மச்சினன் மட்டும் நிலைகொள்ளாமல் அலைந்தான். கேன்டீன் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"அத்தான், இங்க ஓவன் எதுவும் இல்லை. மைக்ரோவேவ்தான் ஒண்ணு இருக்கு."

"அதை ஏன்டா இப்ப சொல்ற?"

"இல்ல, சும்மா சொன்னேன். கதவைத் திறந்து ஒரு குத்து குத்திப் பாத்துடலாமா?"

"திறந்தா அனல் போயிடும். மீட்டரைப் பாரு, கல்லு மாதிரி நிக்குது."

"மீட்டரை நம்பலாமா அத்தான்?"

"உங்க அக்கா சொல்லி அனுப்பினாளா?" என்றேன். அவன் கட்டை எடுத்துவரப் போனான்.

மத்தியானம் நெருங்கியதும் எல்லாவற்றையும் எடுத்துத் தாளில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் துண்டு போட்டு மூடி ஆற வைத்தோம். வெளியே பார்க்கக் கறி கருப்பும் சிவப்புமாகப் பளபளவென்று இருந்தது. முற்றத்தில் வரிசையாக மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஸ்டோர் ஐயா புதுச் சட்டையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கல்யாணமான இரண்டு மகள்கள். முதலாளி நல்லபடியாகப் பேசினார். ஐயா எழுந்து ஏதோ சொல்ல வந்து, "சாப்பிடுவோமே," என்று உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கத்தியோடு முன்னால் வந்தேன். வந்ததோடு நிறுத்தினேனா? பொறுமையைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

பிறகு வெட்டினேன். கத்தி கறிக்குள் போன விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று கைக்குத் தெரிந்தது. வீட்டில் வெண்ணெயாக இறங்கும். இங்கே ரப்பராகத் துள்ளியது. அழுத்தி வெட்டி விரித்தேன். உள்ளே பச்சை மாமிசம். சிவப்புச் சாறு பலகையிலிருந்து வழிந்து வெள்ளைத் துணியில் பரவியது. ஐயாவின் மனைவி தன் மடியிலிருந்த பூச்செண்டைத் தூக்கி அப்பால் வைத்தார்.

அந்த இடத்திலேயே வேகவில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். நான் என்ன செய்தேன்? "யாரும் தப்பா நினைக்காதீங்க. இது ரத்தம் இல்லை. புகை வளையம்னு சொல்வாங்க. நல்லா புகை பிடிச்ச கறியில ஓரத்துல இப்படிச் சிவப்பா வரும். இது வந்தாத்தான் கைகாரன்னு அர்த்தம்," என்றேன். புகை வளையம் என்று ஒன்று இருப்பது நிஜம்தான். தோலை ஒட்டி விரற்கடை அகலத்துக்கு இருக்கும்.

லாரி டிரைவர் குனிந்து பார்த்தார். "அண்ணே, வளையம் எலும்பு வரைக்கும் போயிருக்கே," என்றார்.

சிரிப்பு வெடித்தது. முதலாளி சிரிப்பை அடக்க இருமினார். நான் அடுத்ததை வெட்டினேன், அதற்கடுத்ததை வெட்டினேன். கோழியின் தொடை மூட்டைத் திருகினேன். இளஞ்சிவப்பாக நீர் சொட்டியது. சிரித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. எல்லோருக்கும் பசி வேறு.

மச்சினன் இரண்டு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினான். பின்னாலேயே நாலைந்து பேர் தட்டும் கையுமாக மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நின்றார்கள். யாரோ அவசரத்தில் மின்சார அடுப்பையும் அதே பிளக்கில் செருகினார்கள். பட்டென்று ஒரு சத்தம். பட்டறை மொத்தமும் இருட்டாகிவிட்டது, மின்விசிறிகள் ஓய்ந்தன. ஓய்வு பெறும் நாளில், புதுச் சட்டையோடு, ஸ்டோர் ஐயாதான் ஃபியூஸ் இருக்கும் இடம் தனக்குத்தான் தெரியும் என்று எழுந்து போனார்.

கடைசியில் முதலாளி ஆள் அனுப்பி ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கிவரச் சொன்னார். அதைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஐயா மட்டும் என்னைக் கூப்பிட்டு, கறியின் மேல் ஓரத்தில் வெந்திருந்த ஒரு சீவலை வாயில் போட்டுக்கொண்டார். "மேல் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு தம்பி. மனசுல வச்சுக்காதீங்க," என்றார். அவர் வாழ்க்கையில் கேட்டு வாங்கிய ஒரே சாப்பாட்டை நான் பாழாக்கியிருந்தேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மச்சினனோடு வண்டியில் திரும்பினேன். பாதி வழியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"வீட்ல ஒருநாளும் இப்படி ஆனதில்லையேடா. இன்னைக்கு மட்டும் ஏன்? கட்டை ஈரமா இருந்திருக்குமோ?"

மச்சினன் ரோட்டைப் பார்த்தபடி ஏதோ மென்று முழுங்கினான். "கட்டை நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அத்தான், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லித் தொலை."

"வீட்லயும் அது வெந்ததே இல்ல அத்தான். நீங்க குளிக்கப் போனதும் அக்கா ஓவன்ல வச்சிடும்."

எனக்கு முதலில் ஸ்டோர் ஐயா ஞாபகம் வரவில்லை, மனைவி ஞாபகமும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மீட்டரைப் பற்றி நான் அளந்த அளப்புகள்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் எதிரில் விரலை நக்கிவிட்டுத் தங்கள் வீட்டுக்குள் போய் எப்படிச் சிரித்திருப்பார்கள்? என்னை ஒரு கோமாளியாக ஆக்கி வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. வீடு வருவதற்குள் கோபம் நன்றாக மூண்டிருந்தது. வெட்கம் தாங்க முடியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். அது சௌகரியமாக இருக்கும்.

மனைவி சமையலறையில் இருந்தாள். எங்கள் மகள், மூன்றாம் வகுப்பு படிப்பவள், சாப்பாட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்தாளோ என்னவோ, வண்ணப் பென்சில்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சத்தமே வராமல் சாத்தினாள். பழகிய கை.

"கேக் வச்சிருக்கியா?" என்றேன்.

மனைவிக்குப் புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டாள். "அங்க என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? ஊரே சிரிச்சுது. எத்தனை நாளா இந்த நாடகம்?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"என்னை முட்டாளாக்கிப் பாக்கறதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமா? வேகலைன்னா வேகலைன்னு சொல்றதுக்கு என்ன? நான் சரி பண்ணியிருப்பேன்ல? நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னுடப் போறேன்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உள்ளறைக் கதவை ஒருதடவை பார்த்துவிட்டுப் பேசினாள். "முதல் முதல்ல நீங்க அதுல சமைச்ச நாள் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் முன்னப்பின்ன வந்துச்சு."

"பாப்பா தட்டைப் பாத்துட்டு, 'அப்பா, ரத்தம் வருது'ன்னு சொன்னா. நீங்க அந்தத் தட்டை எடுத்துக் குப்பையில கவுத்துட்டு எழுந்து போனீங்க."

"திட்டினேனா? ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லலை. அதுக்கப்புறம் அவகிட்ட ஒரு வார்த்தையும் பேசலை. ஒரு வாரம். அவ வந்து பக்கத்துல உக்காந்தா எழுந்து அந்தப் பக்கம் போனீங்க. படம் வரைஞ்சு கொண்டு வந்து நீட்டினா, அதைத் தாண்டிட்டு என்கிட்ட காபி கேட்டீங்க. அப்பாக்கு என்ன ஆச்சு, அப்பாக்கு என்ன ஆச்சுன்னு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே சுத்தினா. நான் என்னன்னு சொல்றது?"

"நான் வேணும்னு பண்ணலை."

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க கறியைச் சுத்திக் குடுத்தீங்க. தாளைப் பிரிச்சுப் பாத்தேன், உள்ள பச்சை. என்ன பண்றதுன்னு நின்னுக்கிட்டு இருந்தேன். அவதான் சொன்னா. 'அம்மா, ஓவன்ல வச்சிடும்மா, அப்பா பாக்கறதுக்குள்ள'ன்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரத்தை நானும்தான் ஞாபகம் வைத்திருந்தேன். எப்படி என்றால், புகைபோக்கியை நீட்டிய வாரம் என்று. அந்த ஏழு நாளும் குழந்தை என் பின்னால் சுற்றியது எனக்கு ஞாபகமே இல்லை. குழாயை எந்த இடத்தில் வெட்டினேன் என்பது ஞாபகம் இருந்தது. ஸ்டோர் ஐயா முன்னால் நின்றபோது வந்த அவமானம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அங்கே என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள். இங்கே பயந்திருக்கிறார்கள்.

"வேற என்னென்ன இப்படி?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் யோசிப்பது போல் இருந்தது. யோசிக்க வேண்டிய அளவுக்கு இருந்திருக்கிறது. பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ராத்திரி மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் எதுவாக இருந்தாலும் அப்பாவிடம் உள்ளபடி சொல்ல வேண்டும், அப்பா கோபப்படமாட்டேன் என்று சொன்னேன். "சரிப்பா," என்றாள். என்ன சொன்னாலும் அவள் சரிப்பா என்றுதான் சொல்லுவாள் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீப்பாயை மறுபடியும் வெளியே எடுத்தேன். அதை விற்றுவிடலாமா, உடைத்துப் போடலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஆனால் அதுவும் தட்டைக் குப்பையில் கவிழ்த்த மாதிரிதான் ஆகும் என்று பட்டது. மனைவி தன் ஓவனுக்குள் வைக்கும் சின்ன மீட்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதைக் கறி பக்கத்துல வச்சுப் பாருங்க," என்றாள். வைத்துப் பார்த்தேன். உச்சியில் இருந்த என் மீட்டர் காட்டியதில் பாதிதான் வலைமேல் இருந்தது. இத்தனை நாளும் நான் பீப்பாயின் கூரையைச் சமைத்திருக்கிறேன். கறி கீழே குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

மேல் துளையை அடைத்தேன். வலை மட்டத்தில் புதுத் துளை போட்டு மீட்டரை அங்கே இறக்கினேன். முள்ளைப் பார்க்க இனிமேல் நாற்காலியிலிருந்து எழுந்து குனிய வேண்டும். நெருப்புப் பெட்டியின் வாயில் சரிவாக ஒரு தடுப்புத் தகடு வைத்தேன், அனல் நேரே மேலே ஓடாமல் கறிக்கு அடியில் பரவட்டும் என்று. பிறகு ஒரு கோழியை வைத்துவிட்டு, மாலைவரை அடிக்கடி எழுந்து குனிந்து முள்ளைப் பார்த்தேன். மனைவி ஓவன் பக்கமே போகவில்லை. அது என் கண்ணில் பட வேண்டும் என்றோ என்னவோ வெளியே வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

இந்தத் தடவை உள்ளே கொடுத்தனுப்பவில்லை. எல்லோர் எதிரிலும் பலகையில் வைத்து வெட்டினேன். நெஞ்சுப் பகுதி நன்றாகவே வெந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. பிறகு தொடையைத் திருப்பி மூட்டில் கத்தியை விட்டேன். எலும்போரம் சிவப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான். பெரிய குற்றம் ஒன்றுமில்லை.

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். சத்தியமாகச் சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் என் முகம் எப்படிப் போயிற்றோ எனக்குத் தெரியாது. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை, அவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். மனைவியின் கத்தி காய்மேல் அப்படியே நின்றது. மகள் எட்டி, மூட்டிலிருந்து நான் வெட்டிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"சூப்பரா வெந்திருக்குப்பா," என்றாள். வேகவேகமாக மென்றாள்.

கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவள் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினேன். "துப்பும்மா. அது வேகலை. துப்பிடு."

அவள் மெல்வதை நிறுத்தினாள். துப்பவில்லை. என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு துப்பலாமா என்று அம்மாவைப் பார்த்தாள். நான் கையை நீட்டியபடியே காத்திருந்தேன். அம்மா தலையசைத்த பிறகுதான் துப்பினாள்.